ஒல்லிக் கதிரை எப்படிப் பாரம் தாங்குகிறது? நூற்றாண்டின் நடுப்பகுதித் தளபாடம்: ஓர் அறிமுகம்

போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி ஆறு கதிரை செய்து தாங்கோ" என்று கேட்பது திருகோணமலைத் தச்சுப் பட்டறைகளுக்குப் பழகிப்போன ஒன்று. படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே இனம்தான். கீழே போகப் போக ஒல்லியாகும் கால், அது சற்று வெளியே சாய்ந்த நிலை, வளைந்த சாய்வுப்பலகை, பிரம்போ கயிறோ பின்னிய இருக்கை. செதுக்குவேலை, கடைச்சல் எதுவும் இருக்காது. தச்சரும் படத்தில் உள்ளபடியே செய்து கொடுப்பார். இரண்டாவது மாரி முடிவதற்குள் பின்கால் ஆடத் தொடங்கும்.

பழி வழக்கமாக மரத்தின் மேல் விழும். ஆனால் அதே மரத்தில் அதே தச்சர் செய்த சாய்மனைக் கதிரை அடுத்த அறையில் அசையாமல் கிடக்கும். பழைய பாணியில் மரம் தடிப்பு. மூட்டு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் தடிப்பு அதைச் சமாளித்துவிடும். இந்தப் புதிய பாணியில் தடிப்பைக் கணக்குப் பார்த்துக் குறைத்திருக்கிறார்கள். எங்கே குறைக்கலாம், எங்கே ஒரு மில்லிமீற்றர்கூடத் தொடக்கூடாது என்பதுதான் இந்த வடிவமைப்பின் முழு வித்தை. படத்தில் தெரிவது குறைத்த இடங்கள் மட்டும். குறைக்காமல் விட்ட இடங்கள் மூட்டுக்குள் மறைந்திருக்கின்றன.

எங்கிருந்து வந்தது

மிட்-செஞ்சுரி மொடர்ன் என்ற பெயரில் விற்கப்படும் இந்தப் பாணி ஏறத்தாழ 1945 முதல் 1960களின் இறுதிவரை உச்சத்தில் இருந்தது. பெயர் 1980களில்தான் பரவியது. செய்தவர்கள் தங்கள் வேலையை அப்படி அழைக்கவில்லை. வேர் இன்னும் பழையது. 1924இல் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் தளபாட வடிவமைப்புக்கென ஒரு பிரிவைத் தொடங்கிய கோர கிளிண்ட், மனித உடலையும், அலுமாரிக்குள் போகவேண்டிய சட்டையையும் தட்டையும் அளந்து, அந்த அளவுகளிலிருந்து தளபாடத்தை வரைய வைத்தார். அவரிடம் படித்த பூர்க மொகென்சன் 1947இல் வரைந்த ஜே39 கதிரை, டென்மார்க்கின் கூட்டுறவு இயக்கத்துக்காக, சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் (1914–2007) பதினான்கு வயதிலேயே தச்சுப் பட்டறையில் வேலை பழகப் போனவர். பிற்காலத்தில் 500க்கு மேற்பட்ட கதிரைகளை வரைந்தார். 1949இல் அவர் வரைந்த வட்டக் கதிரையில்தான் 1960இல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்துக்கு உட்கார்ந்தார்கள். அந்தக் கதிரையின் கைப்பிடியும் முதுகுப்பகுதியும் ஒரே வளைவாகத் தெரியும். உண்மையில் மூன்று துண்டுகள். முதலில் செய்தபோது, துண்டுகள் சேரும் இடம் கண்ணுக்கு அழகாக இல்லையென்று அதன்மேல் பிரம்பைச் சுற்றி மறைத்தார். பிறகு மூட்டையே மாற்றினார். பற்கள் ஒன்றோடொன்று கோத்த வளைகோட்டு மூட்டு. மறைப்பு எதுவும் இல்லை. இந்தப் பாணியை ஒரே உதாரணத்தில் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்த மாற்றம் போதும். அலங்காரத்தை எடுத்துவிட்டால் பார்ப்பவரின் கண் நேரே மூட்டில் போய் விழும். ஆகவே மூட்டே அலங்காரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

இன்னொரு கிளை ஒட்டுப்பலகையை வளைத்தது. பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ 1933இல் பேர்ச் மரக் கால்களை வளைத்து முக்காலி செய்தார். அமெரிக்காவில் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் போர்க்காலத்தில் கடற்படைக்குக் கால் முறிவுக்கான ஒட்டுப்பலகைத் தாங்கிகள் செய்து பழகிய கையோடு கதிரைக்கு வந்தார்கள். இதற்குச் சூடும் அழுத்தமும் கொடுக்கும் இயந்திரம் வேண்டும். சிறு பட்டறைக்கு அது ஒத்துவராது, இங்கே விட்டுவிடுவோம்.

நமக்குப் பக்கத்திலும் தடயங்கள் உண்டு. ஜோர்ஜ் நகாஷிமா அமெரிக்காவில் மரத்தளபாடத்தில் பெயர் எடுப்பதற்கு முன், 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடத்தில் வேலை செய்தார். உள்ளே தேவையான தளபாடங்களிலும் அவர் கை உண்டு. 1950களில் சண்டிகரின் அரச அலுவலகங்களுக்கென்று சுவிற்சர்லாந்துக் கட்டடக்கலைஞர் பியர் ஜென்னரே வரைந்த தேக்கு–பிரம்புக் கதிரைகளை உள்ளூர்த் தச்சர்களே ஆயிரக்கணக்கில் செய்தார்கள். 1958இல் இலங்கைக்கு வந்த டென்மார்க் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் இலங்கைக் கட்டடக்கலைஞர்களான மினெட் டி சில்வாவுடன் முதலிலும், ஜெப்ரி பாவாவுடன் பின்னரும் பணியாற்றினார். அதே காலத்துச் செட்டிகள் (நீள இருக்கைகள்), கூம்புக் கால் வைத்த ரேடியோகிராம்கள் இன்றும் பழைய வீடுகளின் விறாந்தைகளில் கிடைக்கும். தூசி தட்டி, கவிழ்த்து வைத்து, மூட்டுகளைப் பாருங்கள். எந்தப் படத்தையும்விட அதுவே நல்ல பாடம்.

திருகோணமலையில் செய்விப்பவருக்கு எங்கள் சிபாரிசு சண்டிகர்க் கதிரை. கோபன்ஹேகனுக்கு ஒரு கண்ணை மட்டும் கொடுத்தால் போதும். ஜென்னரேயின் கால்கள் தடிப்பு, வளைவு குறைவு, கைவாளும் உளியும் வைத்திருக்கும் பட்டறையால் செய்ய முடிந்தவை.

பாரம் எங்கே போகிறது

நேரே உட்கார்ந்திருக்கும் ஆளின் பாரம் கால்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. 25 மில்லிமீற்றர் சதுரத் தேக்குக் கட்டையை நட்டமாக நிறுத்தினால், நார் நெடுக ஒரு தொன்னுக்கு மேல் தாங்கும். காலின் நுனியை ஒல்லியாக்கலாம் என்ற துணிவு அங்கிருந்து வருகிறது.

சோதனை வருவது சாயும்போது. சாப்பிட்டு முடித்தவர் முன்கால்களைத் தூக்கிப் பின்னால் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருக்கைக்கு 400 மில்லிமீற்றர் மேலே, முதுகால் 30 கிலோ அழுத்தம் கொடுத்தால், அந்த நெம்புதலை, இருக்கையின் இரண்டு பக்கச் சட்டங்களும் பின்கால்களைச் சேரும் இரண்டு மூட்டுகள் பகிர்ந்து தாங்கவேண்டும். மூட்டுக்குள் இருக்கும் நாக்கின், அதாவது கழுந்தின், உயரம் 50 மில்லிமீற்றர் என்றால், அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஏறத்தாழ 120 கிலோ இழுப்பும் தள்ளலும் விழும். உயரம் 30 மில்லிமீற்றர் என்றால் அது 200 கிலோவாகும். உட்கார்ந்தவர் அதே ஆள், மரமும் அதே மரம்.

கழுந்து என்பது ஒரு கட்டையின் நுனியை நாக்குப்போல மெலித்தது. பொளி அந்த நாக்கு இறங்கும் குழி. கழுந்தின் தடிப்பைவிட உயரமே வேலை செய்கிறது. வளைவுக்கு எதிரான பலம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 40 மில்லிமீற்றரை 60 ஆக்கினால் பலம் இரண்டேகால் மடங்கு. இதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள் சட்டத்தைத் தடிப்பில் மெலித்து, உயரத்தில் விட்டுவைக்கிறார்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு 22 மில்லிமீற்றர் விளிம்புதான் கண்ணில் படும். உள்ளே 65 மில்லிமீற்றர் நிற்கும்.

வெக்னரின் வட்டக் கதிரைக் காலைக் கவனித்தால், இருக்கைச் சட்டம் வந்து சேரும் இடத்தில்தான் அது மிகத் தடிப்பு. அங்கிருந்து மேலேயும் கீழேயும் மெலிகிறது. நகல் எடுப்பவர்கள் விடுகிற முதல் பிழை இங்கேதான்: காலை உச்சியிலிருந்தே ஒரே சீராக மெலித்துக்கொண்டு வருவார்கள். சட்டம் சேரும் இடத்தில் 30 மில்லிமீற்றர்தான் மிஞ்சும். அதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் பொளி வெட்டினால் கால் வெறும் கூடு.

சாப்பாட்டுக் கதிரைக்குப் பொருத்தமான கால் இப்படி இருக்கும்: மேலே 38 மில்லிமீற்றர் சதுரம். சட்டத்தின் கீழ்விளிம்பு வரை எந்த மெலிவும் இல்லை. அதற்குக் கீழே, உட்புறத்து இரண்டு முகங்களில் மட்டும் சீவி, தரையில் 24 மில்லிமீற்றரில் முடிக்கலாம். வெளிமுகங்கள் நேராக நிற்பதால் மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பது சுலபம். கண்ணுக்கு ஒல்லியாகவும் தெரியும்.

காலை வெளியே சாய்ப்பதற்கு 5 முதல் 8 பாகை போதும். 8 பாகையில், காலில் இறங்கும் பாரத்தின் ஏறத்தாழ 14 சதவீதம் பக்கவாட்டுத் தள்ளலாக மாறும். 15 பாகையில் அது 27 சதவீதம். படத்தில் அழகாகத் தெரிகிறதென்று சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால், மூட்டைப் பிரிக்கும் வேலையைக் கதிரை தானே செய்யும்.

ஒரு மூட்டைக் கிட்ட நின்று பார்ப்போம்

பக்கச் சட்டம் பின்காலைச் சேரும் இடம். சட்டம் 65 உயரம், 22 தடிப்பு. கழுந்து 10 தடிப்பு, 50 உயரம், 28 நீளம் (எல்லாம் மில்லிமீற்றரில்). பொளியின் ஆழம் 30. அந்த மேலதிக 2 மில்லிமீற்றர், உள்ளே தள்ளப்படும் பசைக்கு இடம். பொளியின் மேல்நுனிக்கும் காலின் வெட்டுமுனைக்கும் இடையில் குறைந்தது 12 மில்லிமீற்றர் மரம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் மேலிருந்து பிளக்கும். முன்கால்களில்தான் இந்த ஆபத்து, ஏனென்றால் அவை இருக்கையோடு முடிந்துவிடுகின்றன.

முன்காலில் இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்கும். இரண்டு கழுந்துகளின் நுனிகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டினால் இரண்டுக்கும் முழு நீளம் கிடைக்கும். நேரே வெட்டினால் ஒன்று மற்றதை மறிக்கும். வழக்கமாகப் பக்கச் சட்டத்தின் கழுந்தைத்தான் கட்டையாக்கிவிடுவார்கள். அதுவே அதிகம் தேவைப்படும் கழுந்து.

இனி கோணம். இருக்கையின் அகலம் முன்னால் 480, பின்னால் 400, ஆழம் 420 என்று வைத்தால், பக்கச் சட்டம் இரு நுனியிலும் 5 பாகைக்குச் சற்றுக் கூடச் சாய்ந்து கால்களைச் சேரும். கழுந்தின் தோளையும் (கழுந்து தொடங்கும் இடத்தில், காலைத் தொடும் சட்டத்தின் முகம்) அந்த 5 பாகையில் வெட்டவேண்டும். தோளை நேராக வெட்டிவிட்டு இறுக்கினால் ஒரு விளிம்பு மட்டும் காலைத் தொடும், மற்ற விளிம்பில் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே பொலிஷ் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. தோள் தொடாத மூட்டில் முழு நெம்புதலும் கழுந்தின்மேல் மட்டும் விழும். ஆடும் கதிரைகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தப் பூச்சு அடைப்பு இருக்கும்.

பொருத்தத்தைச் சோதிப்பது கையால். கழுந்து தன் பாரத்திலேயே உள்ளே விழுந்தால் தளர்வு. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் இறங்குமென்றால் இறுக்கம். பசையெல்லாம் வழித்துக்கொண்டு வெளியே வரும், காலும் பிளக்கலாம். உள்ளங்கையால் அழுத்தி இறக்கி, தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்கவேண்டும். சீவுளி ஒரு தடவை கூடப் போனால் போதும், இந்த நிலை கைதப்பிவிடும்.

மரமுளை போடுவதானால் கழுந்தில் துளையைத் தோள் பக்கமாக 1 மில்லிமீற்றர் தள்ளித் துளையிடுங்கள். முளை இறங்கும்போது தோளைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். பசை என்றோ ஒருநாள் கைவிட்டாலும் மூட்டு பிரியாது. ஆணியும் திருகாணியும் இந்த இடத்துக்கு உதவா. சட்டத்தின் வெட்டுமுனையில் நார் நெடுக இறங்கும் திருகாணிக்குப் பிடிப்பு மிகக் குறைவு. கடற்காற்றில் துருப்பிடித்தால் அதுவும் போகும். திருகாணி தேவைப்படும் இடங்களில், மூலைக்கட்டை (இருக்கையின் உள்மூலையில் பூட்டும் கட்டை) போன்றவற்றில், பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ வாங்குங்கள்.

நம் வெக்கையில் வெள்ளைத் தச்சுப்பசை ஐந்து நிமிடத்திலேயே தோல் கட்டத் தொடங்கும். எட்டு மூட்டுக்கும் ஒரேயடியாகப் பசை பூசிவிட்டுக் கிளாம்ப் தேடி ஓடக்கூடாது. முதல் நாள் முன்ஜோடியும் பின்ஜோடியும் தனித்தனி. அடுத்த நாள் பக்கச் சட்டங்கள். இறுக்கியதும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுத்துச் சமமா என்று பார்க்கவேண்டும். தேக்கில் இயற்கையாக எண்ணெய்ப் பசை உண்டு. நேற்றுச் சீவிய கழுந்தில் இன்று பசை பூசினால் பிடிப்பு குறையும். புதிதாகச் சீவி, அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்டவேண்டும்.

வளைவு

சாய்வுப்பலகையின் வளைவுக்கு மூன்று வழி. நீராவியில் வேகவைத்து வளைப்பது ஒன்று. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது பழைய கணக்கு. சூளையில் காயவைத்த மரம் இதற்கு ஒத்துவராது, தேக்கும் அவ்வளவாக இணங்காது. இரண்டாவது, 3 மில்லிமீற்றர் பட்டிகளை அச்சின்மேல் அடுக்கி ஒட்டுவது. மூன்றாவது, தடிப்பான பலகையிலிருந்து வளைவை வெட்டி எடுப்பது. இங்கே நடைமுறைக்கு ஏற்றது இதுதான். வெக்னரின் 1949ஆம் ஆண்டு வை-முதுகுக் கதிரையின் பின்கால்கள்கூட, பார்வைக்கு எல்லாப் பக்கமும் வளைந்து தெரிந்தாலும், பலகையிலிருந்து வெட்டியவை. நீராவியில் வளைத்தது மேற்பட்டி.

வெட்டும்போது நார் ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். வளைவு நாரைக் குறுக்கே கடக்கும் இடம் பலவீனம், பிஸ்கட்டைப்போல முறியும். வள்ளம் கட்டுபவர்கள் விலா மரத்துக்கு இயல்பாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பது இதற்காகத்தான். கதிரைக்கும் நார் சற்றே வளைந்து ஓடும் பலகையை ஒதுக்கி வைக்கலாம். நேர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறதென்றால் வளைவைக் குறையுங்கள். 450 மில்லிமீற்றர் அகலமான சாய்வுப்பலகைக்கு நடுவில் 25 முதல் 30 மில்லிமீற்றர் குழிவே முதுகுக்குப் போதும்.

எந்த மரம்

வைரமா (மரத்தின் உள்நடு), வெளிறா (பட்டையை ஒட்டிய பகுதி) என்பது மரத்தின் பெயரைவிட முக்கியம். தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. அதே மரத்தின் வெளிறு உளுத்துப்போகும். இளந்தோட்டத் தேக்கில் வெளிறு அதிகம். மஞ்சள் வெள்ளைப் பட்டியைச் சாயம் பூசி மறைத்து விற்பதுண்டு. வெட்டுமுனையைப் பாருங்கள், அங்கே நிறம் பொய் சொல்லாது.

முதிரை பளபளப்பானது, கடினமானது, பாரமானது. முன்துளை போடாமல் திருகாணி ஏற்றினால் பிளக்கும். அதன் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும், முகமூடி இல்லாமல் அரத்தாள் தேய்க்கவேண்டாம். பலா, வேலைக்கு இலகு. வெட்டும்போது மஞ்சள், போகப்போகப் பழுப்பு. லாச்சிப்பெட்டிக்கும் சாப்பாட்டறை அலுமாரிக்கும் நல்லது. பாலை விட்டத்துக்கும் தூணுக்கும் உரியது, கதிரைக்கு வீண் பாரம். ரப்பர் மரம் போரன் மருந்து ஏற்றியதென்றால் மட்டும்.

சவண்டலையைத் தனியாகச் சொல்லவேண்டும். சமண்டலை என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. இந்த மரம் ஆங்கிலேயர் காலத்து வணிகத்தில் "டிரிங்கோமலி வுட்" என்றே அழைக்கப்பட்டது. சென்னைக் கரையில் அலை தாண்டும் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் போனது. நேரான நார், வளைந்து கொடுக்கும் குணம், அதிர்ச்சி தாங்கும் தன்மை. வண்டிக்கும் துடுப்புக்கும் அதைத் தேடியதற்கு அதுவே காரணம். டென்மார்க்காரர் ஆஷ் மரத்தில் செய்யும் ஒல்லிக் கால்களுக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய மாற்று இதுவே. பாரம் கூட, ஆகவே கால் தடிப்பை 2, 3 மில்லிமீற்றர் குறைக்கவும் இடமுண்டு.

மரக் கூட்டுத்தாபனத்திலோ மரக்காலையிலோ வாங்கும்போது பற்றுச்சீட்டையும், தேவையான இடத்தில் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போர் நடந்த காட்டுப்பக்கத்து மரத்தில் இரும்புச் சன்னம் புதைந்திருக்கலாம். கருநீலக் கறை நாரோடு ஓடுவதைக் கண்டால் அந்த இடத்தில் வாள் வைக்கவேண்டாம். ஒரு கதிரைக்கு, கழிவு உட்பட முக்கால் கன அடி என்று கணக்கு வைக்கலாம். பின்கால் இரண்டையும் பலகையில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாறு வரைந்தால் அதிலும் மிச்சம் பிடிக்கலாம்.

கச்சானும் மாரியும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசியில் மாரி தொடங்கியதும் ஈரம் குடித்து அகலும். காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதன் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 12 சதவீத நீரோடு நிற்கும். 80 சதவீதத்தில் 16ஐ ஒட்டி வரும். இந்த 4 சதவீத வித்தியாசத்துக்கு, தட்டையாக அறுத்த தேக்கு 600 மில்லிமீற்றர் அகல மேசைப்பலகையில் நாலரை மில்லிமீற்றர் அசையும். நார் நெடுக அசைவு இல்லையென்றே சொல்லலாம்.

அதனால் மேசைப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக்கூடாது. ஒட்டினால் கச்சானில் நடுவே வெடிக்கும். சட்டத்தின் உட்புறத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அதில் நாக்கு மாட்டும் சிறு மரக்கட்டைகளைப் பலகையில் திருகாணியால் பூட்டவேண்டும். பலகை அகலும்போது நாக்கு காடிக்குள் நகரும். நேரே திருகாணி போடுவதானால் சட்டத்தில் துளையை நார்க்குறுக்காக 8 மில்லிமீற்றர் நீளவாக்கில் இழுத்துவிடலாம். லாச்சியும் அப்படியே: 150 மில்லிமீற்றர் உயரமான லாச்சி மாரியில் 1 மில்லிமீற்றருக்கு மேல் வளரும். ஆவணியில் செய்தால் மேலே 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். மார்கழியில் செய்தால் 1 போதும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று தெரிய மானி இல்லையென்றால், பலகையின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு துண்டு வெட்டி நிறுங்கள். 103 பாகை செல்சியஸ் சூட்டு அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். 114 கிராம் 100 ஆனால் ஈரம் 14 சதவீதம். 12க்கும் 14க்கும் இடையில் வேலை தொடங்கலாம். குளிரூட்டிய அறைக்குப் போகும் தளபாடமானால் 10ஐ ஒட்டி இருக்கவேண்டும்.

பூச்சும் பின்னலும்

இந்தப் பாணிக்கு உரியது நாரை மூடாத மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. வார்னிஷ் கலந்த எண்ணெயைத் துணியால் பூசி, 15 நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மூன்று தடவை. வெறும் பச்சை ஆளிவிதை எண்ணெய் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது, அது தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிட்டு, அல்லது நீரில் ஊறப்போட்டு எறியுங்கள்.

தரை கழுவுகிற வீடுகளில் காலின் அடிமுனை தண்ணீரைக் குடிக்கும். ஒல்லிக் காலுக்கு இது பெரிய ஆபத்து. அடியில் எப்பொக்சியை நீர்க்கப் பூசி, மேலே 5 மில்லிமீற்றர் நைலோன் பாதம் வைத்தால் போதும்.

டென்மார்க் கதிரைகளில் இருக்கும் காகிதக்கயிறு போர்க்காலத் தட்டுப்பாட்டில் கடற்புல் கயிற்றுக்கு மாற்றாக வந்தது. வை-முதுகுக் கதிரை ஒன்றின் இருக்கைக்கு மட்டும் 120 மீற்றர் போகும். நமக்குப் பிரம்பு. ஊறவைத்துப் பின்னினால் காயும்போது இறுகும். அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்கவேண்டாம். தொய்ந்துபோனால் வெந்நீரில் தோய்த்த துணியை அடிப்பக்கம் ஒற்றி, ஒரு இரவு யாரும் உட்காராமல் விட்டால் பெரும்பாலும் மீண்டும் இறுகும்.

தச்சரிடம் போகும்போது

படத்தோடு அளவும் கொண்டுபோங்கள். இருக்கையின் உயரம் 430 முதல் 450, பின்பக்கம் 15 மில்லிமீற்றர் இறக்கம், முதுகு 100 முதல் 105 பாகை, மேசைக்கும் இருக்கைக்கும் இடையே 280 முதல் 300. பின்காலின் அடி, சாய்வுப்பலகை உச்சியிலிருந்து நேர் கீழே விட்ட கோட்டுக்கு மிகவும் முன்னால் நின்றால் கதிரை மல்லாந்து விழும். 50 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். முழு அளவில், ஒட்டுப்பலகைத் தாளொன்றில் பக்கத்தோற்றத்தை வரையச் சொல்லுங்கள். அதையே வெட்டி அச்சாக வைத்தால் ஆறு கதிரையும் ஒரே மாதிரி வரும். முதலில் மலிவு மரத்தில் ஒன்று செய்து அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தேக்கைத் தொடலாம். அந்த மாதிரிக் கதிரைக்கும் கூலி கொடுக்கவேண்டும், பேரம் பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முதல்நாள் போய், பசை இல்லாமல் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். தோள் சுற்றிவர மரத்தைத் தொடுகிறதா என்று ஒரு கடதாசியை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் திரும்பச் சீவவேண்டும். பிறகு பக்கச் சட்டத்தைக் கழற்றி, கழுந்தின்மேல் அளவுகோலை வையுங்கள். அதன் நீளம் 25 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால், நான்கு மூலைக்கும் மூலைக்கட்டை போடாமல் அந்தக் கதிரையை வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம்.